செங்கோட்டை மலையடிவாரத்துக்கு ஒரு வாட்டர்கலர் பெட்டி: எட்டு நிறம் தேறிய விதம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே நிலத்தின் நிறம் மூன்று முறை மாறிவிடும். கீழே நெல்வயல், அடிவாரத்தில் தென்னந்தோப்பு, கணவாய் தாண்டியதும் ரப்பரும் ஓட்டு வீடும். எல்லாவற்றுக்கும் பின்னால் மலை. ஆனி, ஆடியில் அதுவும் பாதி நேரம் மேகத்துக்குள். இங்கே உட்கார்ந்து வரைவதற்கென்றே, பன்னிரண்டு அரைப்பான் (ஹாஃப் பான், வண்ணம் நிரப்பும் சின்னக் குழிக் கிண்ணம்) கொள்ளும் தகரப் பெட்டி ஒன்றை நிரப்பிய வேலையின் பதிவு இது. பதினெட்டு டியூபில் தொடங்கி எட்டு நிறத்தில் நின்றது. மிச்ச நாலு குழி இன்னும் காலி.

கடையில் டியூபை எடுத்தால் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சின்ன எழுத்தில், நிறம் தரும் பொடியின் (பிக்மென்ட்) எண் இருக்கும்: பிஒய் என்றால் மஞ்சள், பிஆர் சிவப்பு, பிவி ஊதா, பிபி நீலம், பிஜி பச்சை, பிபிஆர் பழுப்பு. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் மாறாது. ‘சாப் கிரீன்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு பொடி கலந்து தருவார், இன்னொருவர் மூன்று. பெயருக்குப் பின்னால் ‘ஹ்யூ’ என்று இருந்தால் அசல் பொடி இல்லை, அதே சாயலில் வேறொன்று என்று அர்த்தம். அது கெட்டது என்பதில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். எண்ணே போடாத டியூபை வாங்க வேண்டாம்.

ஒரு டியூபுக்கு ஒரே பொடி என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம். மூன்று பொடி கலந்த டியூப் இரண்டைச் சேர்த்தால் தட்டில் ஆறு பொடி. சேற்று நிறம் வருவது அங்கேதான். பச்சை கலக்கத் தெரியவில்லை என்று சொல்கிற பலருக்கும் கை சரியாகத்தான் இருக்கிறது, டியூப்தான் தப்பு.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. பிவி 19 என்ற குவினாக்ரிடோன் பொடி ரோஸாகவும் வரும், ஊதாவாகவும் வரும். வேதிப்பொருள் ஒன்று, படிக அமைப்பு வேறு. இந்தப் பெட்டிக்கு ரோஸ் வேண்டும். பிபிஆர் 7 என்ற ஒரே எண்ணில் ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, அம்பர் என்ற மண்நிறங்கள் எல்லாம் அடங்கும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகும் ஒரு துளி பேப்பரில் தீட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

வெயில் சோதனை

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பேப்பரை 5 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு முனையில் கெட்டியாகவும் மறுமுனையில் தண்ணீராகவும் இழுத்துவிடுங்கள். நீளவாக்கில் பாதியை அலுமினியத் தாளால் மூடி ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகள் தெற்கு ஜன்னல் என்று சொல்லும். தென்காசி ஏறக்குறைய 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் ஒட்டினால் நேர் வெயிலே விழாது, எல்லா நிறமும் தேறிவிட்டது என்று ஏமாந்துபோவோம். கிழக்கு அல்லது மேற்கு ஜன்னல்தான் சரி. பங்குனியில் ஒட்டினால் சாரல் தொடங்குவதற்குள் இரண்டு மாத வெயில் கிடைக்கும்.

முதலில் வெளுத்தது ஓபரா பிங்க். அதன் பளபளப்பு ஒளிரும் சாயத்தால் வருவது, அந்தச் சாயம் வெயிலுக்கு நிற்காது. அடுத்தது அலிசரின் கிரிம்சன், பிஆர் 83. கெட்டியாகத் தீட்டிய முனையில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் முனையில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வாட்டர்கலரில் பாதி வேலை அந்தத் தண்ணீர் முனையில்தானே. மஞ்சள்தூளைக் கரைத்துத் தீட்டிய பட்டையும் ஒன்று வைத்திருந்தது. சமையலறையில் அழியாத கறை, ஜன்னலில் சில நாளுக்குக்கூட நிற்கவில்லை.

டியூபில் ஏஎஸ்டிஎம் மதிப்பு (நிறம் வெளிச்சத்துக்கு எவ்வளவு நிற்கும் என்பதற்கான தர எண்) போட்டிருந்தால் ஒன்று, இரண்டு மட்டும் எடுங்கள். மூன்றோ அதற்கு மேற்பட்ட எண்ணோ என்றால் சுவரில் மாட்டும் படத்துக்கு ஆகாது.

இதே பட்டைகளில் இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடலாம். தீட்டுவதற்கு முன் அழியாத கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். காய்ந்த பின் கோட்டின் மேல் நிறம் படலமாகத் தெரிந்தால் அது மூடும் நிறம். கோடு சுத்தமாக இருந்தால் ஊடுருவும் நிறம். பிறகு ஈரப் பிரஷால் பத்துத் தடவை தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரைன் நீலம் பெரும்பாலும் கிளம்பிவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் பேப்பரைப் பிடித்துக்கொண்டு விடாது. மேகத்தைப் பின்னால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் தாலோவில் வானம் போட்டால் அந்த மேகம் கிடைக்கவே கிடைக்காது.

தேறியவை

மஞ்சள் பிஒய் 154. எல்லோ ஓக்கர், பிஒய் 42 அல்லது 43. பர்ன்ட் சியன்னா, பிபிஆர் 7. குவினாக்ரிடோன் ரோஸ், பிவி 19. அல்ட்ராமரைன், பிபி 29. தாலோ நீலம், பிபி 15:3. தாலோ பச்சை, பிஜி 7. எட்டாவது, வீட்டிலேயே அரைத்த காவி.

பர்ன்ட் சியன்னாவுக்கு ஒரே தேர்வு: அல்ட்ராமரைனோடு கலந்தால் சுத்தமான சாம்பல் வர வேண்டும். ஊதாவாக இழுத்தால் அந்த டியூபில் சிவப்பு அதிகம், வேறு பாருங்கள். இந்தச் சாம்பல் கிடைத்துவிட்டால் கறுப்பு டியூப் தேவையில்லை. கழுதுருட்டியில், 1904-இல் திறந்த புனலூர்–செங்கோட்டை ரயில் பாதையில் நிற்கும் பதிமூன்று கண் பாலம் முழுக்கக் கருங்கல். அதைக் கறுப்பும் தண்ணீருமாக வரைந்தால் சிமெண்ட் மாதிரி செத்துக் கிடக்கும். அல்ட்ராமரைன் கொஞ்சம் தூக்கலான சாம்பலை நிறையத் தண்ணீரோடு விட்டால் நீலப் பொடி தனியாகப் படிந்து, கல்லின் சொரசொரப்பு தானாகவே வரும்.

தள்ளியவற்றில் காட்மியம் மஞ்சளும் சிவப்பும் நல்ல நிறங்கள்தான், ஆனால் மூடும் நிறங்கள், விலையும் அதிகம், காட்மியம் நஞ்சும்கூட. வயற்காட்டில் உட்கார்ந்து பிரஷ் நுனியை வாயில் வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். விரிடியன் பச்சை அழகு, வலு குறைவு. செருலியன் நீலம் சாரல்கால வானத்துக்கு ஆசையாக இருந்தது. தாலோ நீலத்தில் துளி காவி சேர்த்தால் போதும் என்று தெரிந்ததும் விட்டாயிற்று. வெள்ளை வேண்டாம். கொக்கின் வெள்ளைக்குப் பேப்பரையே தீட்டாமல் விட வேண்டும்.

சுவர் ஓவியக்காரர்கள் இதைவிடக் குறைவிலேயே முடித்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பது போன்ற கேரளச் சுவரோவியங்களுக்கு ஐந்தே நிறம்: காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, விளக்குக் கரிக் கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. அந்தப் பச்சையையும் அவர்கள் கலந்தே எடுத்தார்கள், அவுரி நீலத்தோடு மஞ்சள் மரப்பிசினைச் சேர்த்து.

நெல்லின் பச்சைகள்

இந்த ஊரை வரைவதில் பாதி வேலை பச்சை. கார், பிசானம் என்று இரண்டு போகம். எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு வயல் ஏதோ ஒரு பருவத்தில் நிற்கும். ஒரே பச்சை டியூபைத் தண்ணீர் கூட்டிக் குறைத்துப் போட்டால் எல்லாப் பருவமும் ஒன்றாகிவிடும்.

நாற்றங்கால் பச்சைக்குப் பட்டாணி அளவு மஞ்சளும் கடுகளவு தாலோ நீலமும். எப்போதும் மஞ்சளை முதலில் தட்டில் வைத்து நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். நீலத்தில் தொடங்கினால் பச்சை வருவதற்குள் அரை டியூப் மஞ்சள் போய்விடும். தாலோவின் வலு அப்படி. நட்ட புதிதில் வயலில் தெரிவது நாற்று அல்ல, வானம். தண்ணீரின் சாம்பல் நீலத்தை முதலில் போட்டுக் காயவிட்டு, பிறகு நாற்றை வரிசையாகச் சின்னக் கீற்றாக இழுங்கள். தூர் கட்டிய பயிருக்கு அதே நாற்றங்கால் பச்சையில் மிளகளவு ஓக்கர், கொஞ்சம் அல்ட்ராமரைன். பொதிப் பருவத்தின் கனத்த பச்சைக்குத் தாலோ பச்சை, பர்ன்ட் சியன்னா, மேலே மஞ்சள். கதிர் முற்றும்போது அடிப்படையே மாறும்: ஓக்கர் முதலில், நாற்றங்கால் பச்சை தொட்டுக்கொள்ள. அறுத்த தாளுக்கு ஓக்கரும் துளி காவியும்.

தாலோ பச்சையை மட்டும் தனியாக எங்கும் போடாதீர்கள். அது பிளாஸ்டிக் நாற்காலியின் பச்சை. இந்த மலையில் அந்த நிறத்தில் ஓர் இலை கிடையாது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் தென்னை மட்டையின் நிழல் பச்சை. ரோஸ் சேர்த்தால் கறுப்புக்கு நெருங்கிய இருட்டு. மழை ஈரத்தில் ஊறிய அடிமரத்துக்கு அதுதான். ரப்பர் தோட்டம் மார்கழி, தை வாக்கில் இலை உதிர்க்கும். அப்போது பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் மட்டுமே போதும், பச்சையைத் தொட வேண்டாம்.

மலைக்குப் பச்சையே கிடையாது, பக்கத்துச் சரிவைத் தவிர. அல்ட்ராமரைனில் துளி ரோஸ், அதைத் தணிக்கத் துளி பர்ன்ட் சியன்னா. தூரத்து மடிப்புக்கு மடிப்பு தண்ணீரைக் கூட்டி, சியன்னாவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

காவி அரைத்தது

செம்புரைக்கல் சுவருக்கும் நனைந்த ஓட்டுக்கும் டியூபில் கிடைக்கும் இண்டியன் ரெட் பொருந்தவில்லை, ஊதா இழுக்கிறது. நாட்டு மருந்துக் கடைக் காவிக்கல் சரியாக விழுந்தது. 100 கிராம் வாங்கினால் பல பானுக்கு வரும். பொடியாக வாங்க வேண்டாம், கல்லாகவே வாங்குங்கள். பொடியாகத்தான் கிடைக்கிறது என்றால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். மண் நடுவில் நின்றுவிடும். அதைத் தாண்டிச் சிவப்பு வட்டமாகப் பரவினால் சாயம் ஏற்றிய சுண்ணப்பொடி, ஆகாது.

அதே கடையில் சாதிலிங்கமும் அரிதாரமும் அழகான நிறத்தில் இருக்கும். ஒன்று பாதரசம், மற்றது ஆர்சனிக். இரண்டையும் அரைக்கவே கூடாது. காவியை அரைக்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, ஒரு நிமிடம் பொறுங்கள். மணல் அடியில் இறங்கியிருக்கும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதை மூன்று முறை செய்தால் நரநரப்பு போய்விடும். கலங்கலை இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, வண்டலை நிழலில் காயவைக்க வேண்டும். சாரல் மாதத்தில் இது காய ஒரு வாரம் பிடிக்கும், மாசியில் இரண்டு நாள். மஞ்சள் காவி கிடைத்தால் அதே வண்டலைப் பழைய இரும்புச் சட்டியில் வெளியில் வைத்துக் கிளறி வறுங்கள். மஞ்சள் இரும்புப் பொருளில் கட்டுண்ட நீர் வெளியேறிச் சிவப்பாகத் திரும்பும். நடுவில் எங்கே நிறுத்துகிறீர்களோ அங்கே ஓர் ஆரஞ்சுக் காவி கிடைக்கும்.

பசைக்குக் கருவேலம் பிசின். கடையில் பிசின் என்று மட்டும் கேட்டால் பாதாம் பிசினைக் கட்டிக் கொடுத்துவிடலாம். அது ஊறி ஜெல்லியாக நிற்கும், கரையவே கரையாது. எவ்வளவு காய்ச்சினாலும் வண்ணத்துக்கு உதவாது. கருவேலம் பிசின் 20 கிராமை 40 மில்லி சுடுதண்ணீரில் இரவு ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அதில் 5 மில்லி தேன், மூன்று நான்கு சொட்டு கிளிசரின், பூசணத்துக்கு எதிராக ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். தேனும் கிளிசரினும் காய்ந்த பான் வெடிக்காமல் இருக்கவும், ஈரப் பிரஷ் பட்டதும் நிறம் கிளம்பவும்.

கண்ணாடித் துண்டு அல்லது வழவழப்பான கிரானைட் மேல் ஒரு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் பசை. தட்டையான அடியுள்ள கனத்த கண்ணாடித் தம்ளரால் எட்டு வடிவில் அரைக்க வேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறைந்தால் பொடி கட்டியாகவே நிற்கும், தீட்டும்போது கோடு கோடாக வரும். சரிபார்க்க, பேப்பரில் தீட்டிக் காயவிட்டு விரலால் தேயுங்கள். விரலில் பொடி ஒட்டினால் பசை போதவில்லை. பட்டை பளபளத்து நொறுங்கினால் பசை அதிகம். பொடி சேர்த்து மறுபடி அரையுங்கள்.

பானில் நிரப்புவது

அரைப்பான் ஒன்றுக்குச் சுமார் 2 மில்லி. 5 மில்லி டியூபில் இரண்டு பான் தாராளமாக நிரம்பும். ஒரே மூச்சில் நிரப்பினால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கி, நடுவில் வெடித்து, பிறகு கட்டி கழன்று பெட்டிக்குள் உருளும். மூன்றில் ஒரு பங்கு விட்டு, பல்குத்தியால் மூலைவரை கிளறிக் காற்றை எடுத்து, காயவிட்டு, பிறகு அடுத்த அடுக்கு. அடுக்குக்கு இரண்டு நாள். சாரலில் நாலைந்து நாள். தேன் அதிகம் சேர்த்த டியூப்கள் ஆடி முழுக்க இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பங்குனி, சித்திரையில் நிரப்பிவிடுங்கள். பானின் அடியில் பொடி எண்ணை மார்க்கரால் எழுதிவையுங்கள். காய்ந்த பிறகு தாலோ பச்சையும் தாலோ நீலமும் அல்ட்ராமரைனும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

மஞ்சளை ஒரு கோடியிலும் தாலோ இரண்டையும் மறுகோடியிலும் வையுங்கள். ஒரு துளி தாலோ தெறித்தால் மஞ்சள் பான் நாள் முழுக்கப் பச்சையாகவே வரும்.

சாரலில்

வேலை முடிந்ததும் மூடியைத் திறந்தே மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் பூசணம் பூக்கும். பூத்துவிட்டால் மேல்தோலை ஈரத் துணியால் துடைத்து எறிந்து, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரை ஒற்றிக் காயவிடலாம். அடிவரை இறங்கியிருந்தால் அந்தப் பான் முழுவதையும் எறிந்துவிடுங்கள். எனாமல் பெயர்ந்த மூலையில் தகரம் துருப்பிடித்து ஓக்கரோடு கலந்துவிடும்; நகப்பூச்சு ஒரு கோட் போட்டால் நிற்கிறது. பேப்பரையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிய பேப்பரில் மேற்பூச்சு கெட்டு, நிறம் அங்கங்கே மையொற்றித் தாளில் போல உறிஞ்சிக்கொள்ளும்.

ஆடியில் ஒரு பூச்சு காய அரைமணி நேரமும் ஆகும். அந்த இடைவெளியில் மலைமேல் மறுபடி பிரஷ் வைத்தால், பிரஷின் தண்ணீர் பொடியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோசு மாதிரி ஓரம் கட்டும். பேப்பரைவிடப் பிரஷ் காய்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கொக்குக்கு மாஸ்கிங் திரவம் (நிறம் படாமல் பேப்பரை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் பசை) வைத்தவர்கள் அதைப் பேப்பர் முழுக்கக் காய்ந்த பிறகே, முடிந்தால் வீட்டுக்கு வந்தே உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் பேப்பரின் தோலும் சேர்ந்து வரும்.

எட்டு நிறமும் கைவிட்ட ஒரே இடம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல். பிஒய் 154 அந்தப் பூவுக்குக் குளிர்ந்துபோகிறது. ரோஸைக் கடுகளவு சேர்த்தால் சூடு ஏறுகிறது, ஆனால் இதழின் பளிச்சென்ற தன்மை ஒரு படி இறங்குகிறது. நிழலுக்குக் கறுப்பு போட்டால் மஞ்சள் பச்சையாகிப்போகும். அதற்கு ஓக்கரும் துளி பர்ன்ட் சியன்னாவும். ஒன்பதாவது குழிக்குக் கதகதப்பான மஞ்சள் ஒன்று, பிஒய் 110, வெயிலுக்கு நிற்கும், ஒரே பொடி. அதன் பட்டை இப்போது மேற்கு ஜன்னலில் இருக்கிறது.